அனுப்புநர்: வாகியெம் வாகியெம்

ஊரில் வழங்கும் ஐந்து நாள் சந்தை வாரக் கணக்கில் வாகே என்ற நாளில் பிறந்ததால் அவளுக்கு வாகியெம் என்று பேர். அப்பா கர்யாடி தென்னை ஏறுபவர். பாளைச் சாற்றை இறக்கிக் காய்ச்சிச் சர்க்கரை வார்ப்பவர். பிள்ளைக்குப் பேர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை. பிறந்த நாளின் பேரை எடுத்தார், பெண்பிள்ளைக்கு ஏற்ற வாலைச் சேர்த்தார், முடிந்தது. ஒற்றைப் பேர். முன்னால் எதுவும் இல்லை, பின்னாலும் எதுவும் இல்லை. ஊரில் இன்னும் இரண்டு வாகியெம்கள் இருந்தார்கள். ஒருத்தி நெட்டை, ஒருத்தி கோழிக்காரி, இவள் சர்க்கரைக்காரி. யாருக்கும் குழப்பமில்லை.

புர்வோகெர்தோ நகரத்துப் பள்ளியில் சேர்ந்த அன்றுதான் தன் பேர் சிரிப்புக்குரியது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆசிரியர் வருகைப் பதிவில் "வாகியெம்" என்று படித்ததும் பின்வரிசையில் ஒருத்தி, "வேலைக்காரி வந்தாச்சு, எல்லாரும் காபி சொல்லுங்கடி" என்றாள். தொலைக்காட்சித் தொடரில் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவளுக்கெல்லாம் அப்படித்தான் பேர் வைப்பார்கள். வகுப்பே சிரித்தது. வாகியெம் திரும்பி, "காபி வேணும்னா மொதல்ல காசக் குடு" என்றாள். அவள் ஊர் இருக்கும் பன்யுமாஸ் பக்கத்து ஆட்களுக்கு வாய் கொஞ்சம் நேர்தான்.

வாய் என்னவோ நேராக இருந்தது. வாழ்க்கை அவளைத் தைவானுக்கு வீட்டுவேலைக்குத்தான் கொண்டுபோய் விட்டது. ஏஜென்சி ஆபீசில் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்மணி தலைநிமிராமலே, "இந்தப் பேரு அங்க யாரு வாயிலயும் நுழையாது. இனிமே நீ லினா" என்றாள். தாய்ச்சுங் நகரத்தில் நடமாட முடியாத ஒரு பெரியவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, சக்கர நாற்காலியில் வைத்துப் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போனவள் லினாதான். பெரியவர் நல்லவர். அந்த வீட்டில் யாரும் அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் அவர் இறந்தபிறகு குடும்பத்தார் நன்றி சொல்லி எழுதிக் கொடுத்த வாழ்த்து அட்டையிலும் "அன்புள்ள லினா" என்றுதான் இருந்தது. விமானத்தில் அதைப் படித்தபோது, ஒன்பது வருஷ உழைப்புக்கு வேறு யாரோ ஒருத்தி பாராட்டு வாங்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது அவளுக்கு.

ஊர் திரும்பியதும் விட்ட படிப்பைப் பிடித்தாள். வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும், செய்து திரும்பிய பெண்களுக்கு மேல்நிலைப் படிப்பை இணையத்திலேயே நடத்தும் ஓர் அறக்கட்டளைப் பள்ளி புர்வோகெர்தோவில் தொடங்கியிருந்தது. முதல் செட்டில் படித்துத் தேறினாள். மாணவிகளோடு பேச ஆள் வேண்டும் என்றார்கள். அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். மெந்தோவான் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். மாவில் தோய்த்த டெம்பே என்ற சோயா வில்லை எண்ணெயில் விழும் வாசனை நாள்பூராவும் ஜன்னல் வழியாக வரும். பசியை அடக்கிக்கொண்டு வேலை பார்க்கப் பழகியவர்கள்தான் அங்கே தங்க முடியும்.

பாடங்கள் நன்றாக இருந்தன. ஆசிரியர்களும் நல்லவர்கள். கோளாறு மின்னஞ்சலில் இருந்தது. வீட்டுப்பாடத்துக்குக் கெடு நெருங்கினால், மதிப்பெண் வந்தால், யாராவது பல நாளாக உள்ளே வராவிட்டால், தேர்வுக்குப் பதிவு தொடங்கினால், பாடத்தளம் தானாகவே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடும். அனுப்புநர் இடத்தில் "சிஸ்டம் அட்மின்" என்று இருக்கும். அடியில், இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி.

அந்த வருஷம் தேர்வுக்குப் பேர் கொடுக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் கொடுக்கவே இல்லை. கெடு முடிந்துவிட்டது. வாகியெம் ஒவ்வொருத்தியாகத் தொலைபேசியில் பிடித்தாள்.

"மெயில் வந்துச்சே, பாக்கலியா?"

"அதுவா அக்கா? ஏதோ கடன் குடுக்கற கம்பெனின்னு நெனச்சு அழிச்சுட்டேன்" என்றாள் ஹாங்காங்கில் ஒருத்தி.

இன்னொருத்தி அதற்கும் மேலே போனாள். "சிஸ்டம் அட்மின்னு ஒருத்தன் ஓயாம எழுதிக்கிட்டே இருக்கான் அக்கா. பொம்பளப் புள்ளைக்கு இப்படியா எழுதறது? பிளாக் பண்ணிட்டேன்."

வாகியெமுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவர்கள்மேல் தப்பில்லை. முகம் தெரியாத இடத்திலிருந்து வரும் எதையும் தொடாதே என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஏமாந்தவர்களின் கதை ஒவ்வொரு விடுதியிலும் உண்டு. தேர்வு போனால் ஒரு வருஷம் போச்சு.

பாடத்தளத்தைப் பார்த்துக்கொள்பவர் குந்தோரோ. கணினிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தட்டு மெந்தோவானும் பச்சைமிளகாயும் வைத்திருப்பார். வாகியெம் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"குந்தோரோ அண்ணே, மெயில்ல அனுப்பறவங்க பேரு வருதுல்ல? அங்க என் பேரப் போடுங்க."

"போடலாம். ஆனா பேரப் பாத்தா ஜனங்க பதில் எழுதுவாங்களே."

"எழுதட்டும்."

"ஐயோ, அது மெஷின் அனுப்பற மெயிலும்மா. பதில் வந்தா விழறதுக்குப் பொட்டியே கெடையாது. காத்துல போயிரும்."

"வாசல்ல என் பேர எழுதி வெச்சுட்டு, கதவத் தட்டறவங்களக் கெணத்துல தள்ளி விடச் சொல்றீங்களா? பேரு என்னுதுன்னா பதிலும் எனக்குத்தான் வரணும். ரெண்டும் சேந்தாதான் சரி. இல்லேன்னா வேண்டாம்."

குந்தோரோ மிளகாயைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "ஆயிரக்கணக்குல போகும். பதில் வந்து குவியும். அப்பறம் என்கிட்ட அழக்கூடாது."

"அழுதா மெந்தோவான் வாங்கிக் குடுங்க."

அவர் உள்ளே போய் அனுப்புநர் பேரை மாற்றினார். முதல் பேர் என்ற கட்டத்தில் வாகியெம் என்று அடித்தார். அடுத்த கட்டம் கடைசிப் பேர். அதைக் காலியாக விட்டுப் பார்த்தார். சிவப்பு எழுத்தில் திட்டியது.

"கடைசிப் பேரு கேக்குது."

"மொதலும் அதுதான், கடைசியும் அதுதான். எனக்கு ஒரே பேரு."

"இது எந்த ஊர்க்காரன் எழுதினதோ, எல்லாருக்கும் ரெண்டு பேரு இருக்குங்கறான். ஒரு புள்ளி வெச்சுரட்டுமா? இல்ல ஒரு கோடு?"

"புள்ளியும் வேண்டாம் கோடும் வேண்டாம். கேட்டா மறுபடி அதையே சொல்லுங்க."

அப்படித்தான் மறுநாள் காலையில் தைவானிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்த பெண்களின் கைபேசியில் "வாகியெம் வாகியெம்" என்ற பேரோடு மின்னஞ்சல் போய் இறங்கியது. அடியில் இருந்த பழைய வரியை அவளே மாற்றி எழுதியிருந்தாள்: இந்த மடலை அனுப்புவது கணினி, நீங்கள் பதில் எழுதினால் படிப்பது நான்.

பதில்கள் வந்தன. எடுத்த எடுப்பில் பாடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"அக்கா, உங்களுக்குத் திக்குவாயா?"

"எங்க அம்மா பேரும் வாகியெம்தான். ஆனா ஒரு தடவதான் சொல்லுவோம்."

"ரெட்ட வாகியெம் அக்கா, கணக்கு மூணாம் பாடம் புரியல. ரெண்டு பேருல யாரு கணக்கு நல்லாப் போடுவீங்க?"

வாகியெம் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். கிண்டலுக்குக் கிண்டல், கேள்விக்கு விளக்கம். தெரியாததை ஆசிரியரிடம் கேட்டு எழுதினாள். சும்மா பார்த்துவிட்டுப் போனவர்களும் பாடத்துக்குள் வரத் தொடங்கினார்கள். அடுத்த தேர்வுக்குப் பேர் கொடுக்க யாரையும் தொலைபேசியில் துரத்த வேண்டியிருக்கவில்லை. பள்ளியின் தலைவி எஸ்தியம்மா ஒருநாள் அவள் மேசைக்கு வந்து நின்று, "உன் பேருக்கு இப்படி ஒரு மவுசா?" என்றார். வாகியெம் அடக்கமாக எதுவும் சொல்லவில்லை. "ஆமாம்மா" என்றாள்.

நன்கொடை தரும் அமைப்பிலிருந்து கிரானா என்ற பெண் ஜகார்த்தாவிலிருந்து வந்தது அதற்கு அடுத்த பருவத்தில். பள்ளியின் முகத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அவள் வேலை. கெட்டிக்காரி, குரலில் மிடுக்கு இல்லை. புதுச் சின்னம், புது நிறம் எல்லாம் காட்டினாள், எல்லோருக்கும் பிடித்திருந்தது. கடைசியாக மின்னஞ்சலுக்கு வந்தாள்.

"அனுப்பறவங்க பேரு மட்டும் கொஞ்சம்... எப்படிச் சொல்றது. இளசா, நவீனமா இருக்கணும். லுனான்னு ஒரு அக்கா. படம்கூட வரைஞ்சாச்சு." திரையில் பெரிய கண்களோடு ஒரு பெண் சிரித்தாள்.

"லுனா யாரு?" என்றாள் வாகியெம்.

"யாரும் இல்ல. கற்பனைதான்."

"அப்ப பதில் யாரு எழுதறது?"

"நீங்கதான் அக்கா. லுனான்னு கையெழுத்துப் போட்டுருங்க."

வாகியெம் குரலை உயர்த்தவில்லை. "தாய்ச்சுங்ல ஒம்பது வருஷம் நான் லினாவா இருந்தேன். சோத்துக்காக இருந்தேன், அதுல வெக்கமில்ல. ஆனா அது முடிஞ்சு போச்சும்மா. இன்னொரு தடவ என்னால முடியாது. லுனா பேர்ல மெயில் போகணும்னா போகட்டும், ஆபீஸ் முடிவு. லுனாவுக்கு வர்ற பதிலுக்கு லுனாவே எழுதட்டும்."

கிரானாவுக்கு முகம் சிவந்தது. எஸ்தியம்மா இரண்டு பக்கமும் பார்த்தார். நன்கொடை தருபவர்களை முறித்துக்கொள்ள முடியாது. "ஒரு பருவம் பாக்கலாம்" என்றார். பதில்கள் கிரானாவின் பெட்டிக்குப் போகும்படி குந்தோரோ திருப்பிவிட்டார். திருப்பும்போது, "பாவம் அந்தப் பொண்ணு" என்று மட்டும் முனகினார்.

லுனாவின் முதல் மின்னஞ்சல் போனது. மாணவிகளின் வாட்ஸ்அப் குழு பற்றிக்கொண்டது. வாகியெம் அக்காவை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள் என்று யாரோ எழுதினார்கள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொருத்தி. லுனாவுக்குப் போன பதில்களைப் படித்துவிட்டுக் கிரானா ஜகார்த்தாவிலிருந்து எஸ்தியம்மாவுக்குத் தொலைபேசி செய்தாள். சிலவற்றை வாசித்தும் காட்டினாள்.

"ஏய் லுனா, நீ யாருடி? எங்க அக்காவ என்ன பண்ணினே?"

"லுனா, உன் கண்ணு பெருசா இருக்கறது தெரியுது. அந்தக் கண்ணால என் வீட்டுப்பாடத்தக் கொஞ்சம் பாரு. மூணு தடவ அனுப்பிட்டேன்."

"லுனாவுக்கு வணக்கம். நீ மெஷின்னு எனக்குத் தெரியும். போ."

அடுத்த வாரம் கிரானாவே ரயிலேறி வந்துவிட்டாள். நேராக வாகியெமின் மேசைக்கு வந்தாள். கையில் சோகராஜா கெதுக் என்ற மரவள்ளி இனிப்பு ஒரு கூடை. "அக்கா, நான் எஸ்தியம்மாகிட்டச் சொல்லிட்டேன். லுனா ராஜினாமா பண்ணிட்டா. நாலு நாள் பதில் எழுதினேன், கை ஒடிஞ்சு போச்சு. நீங்க எப்படித்தான் செஞ்சீங்களோ." பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கு நீங்க சொன்னப்பறம் எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்ல" என்றாள்.

"அதான் இனிப்போட வந்துட்டீங்களே, உக்காருங்க" என்று வாகியெம் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

குந்தோரோ இந்த இடைவெளியில் சும்மா இருக்கவில்லை. கடைசிப் பேர் இல்லாவிட்டாலும் திட்டாதபடி தளத்தைத் திருத்தி வைத்திருந்தார். "இனிமே நீங்க ஒருத்திதான்" என்றார் பெருமையாக. பல நாளாக உள்ளே வராதவர்களுக்குப் போகும் மின்னஞ்சல், "வாகியெம்" என்ற ஒற்றைப் பேரோடு அன்று புறப்பட்டது.

வந்த பதில்களில் ஒன்று துரினாவுடையது. சிலாசாப் பக்கத்துக்காரி, வாகியெமைவிட வயதில் மூத்தவள், தாய்ச்சுங்கில் ஒரு பாட்டியம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று காணாமல் போயிருந்தாள். லுனா இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை. இப்போது எழுதியிருந்தாள்:

"நீ நிஜமாவே இருக்கியா தங்கச்சி? மெஷினுக்கு யாரும் வாகியெம்னு பேரு வெக்க மாட்டாங்க. அந்த நம்பிக்கையில எழுதறேன். போனப் புடுங்கி வெச்சுக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழம கொஞ்ச நேரம் தருவாங்க. பாட்டியப் பாத்துக்கறது போதாதுன்னு மகனோட நூடுல்ஸ் கடையிலயும் பாத்திரம் கழுவச் சொல்றாங்க. படிக்க முடியல. என்னப் பேர்ப் பட்டியல்லருந்து எடுத்துடாதே."

வாகியெம் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். ஒப்பந்தத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று எழுதியிருந்தால் கடை வேலை வாங்கக் கூடாது. அந்த ஊரில் இருந்தவளுக்கு அது தெரியும். துரினாவின் கையில் கைபேசி இருக்கும்போதே போய்ச் சேரட்டும் என்று உடனே எழுதினாள்: "நிஜமாத்தான் இருக்கேன் அக்கா. பேர எடுக்க மாட்டோம். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வீட்டு விலாசம் என்ன? ஒப்பந்தத் தாளு உங்ககிட்ட இருக்கா?"

விலாசம் வந்தது. ஒப்பந்தத்தின் படமும் வந்தது. வாகியெம் தாய்ச்சுங்கில் பள்ளிக்கு உதவும் தன்னார்வப் பெண்களைப் பிடித்தாள். அவர்கள் தொழிலாளர் உதவி எண்ணில் புகார் கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் பேசி மறந்திருந்த சீனமொழியைத் தூசிதட்டி எடுத்து, விசாரித்த அதிகாரியிடம் வாகியெமே தொலைபேசியில் விவரம் சொன்னாள். அதிகாரிகள் கடைக்கே போய்ப் பார்த்தார்கள். துரினா சோப்பு நுரைக் கையோடு நின்றிருந்தாள். அதற்குமேல் வாதத்துக்கு இடமில்லை. சில வாரங்கள் காப்பகத்தில் இருந்துவிட்டு வேறொரு வீட்டுக்கு மாறினாள். அங்கே ஞாயிறு முழு விடுமுறை. காப்பகத்தில் இருந்த நாட்களிலேயே விட்ட பாடங்களை முடித்துவிட்டாள் என்பதுதான் வாகியெமுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "அக்கா கட்டில்ல உக்காந்து புவியியல் படிச்சிருக்காங்கண்ணே!" என்று குந்தோரோவின் முதுகில் ஓங்கி அடித்தாள். அவர் மெந்தோவான் கீழே விழுந்தது.

தேர்வு நடந்தது. துரினா தேறினாள். பட்டமளிப்பு தாய்ச்சுங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை பள்ளியின் சார்பில் போய்வர எஸ்தியம்மா வாகியெமையே அனுப்பினார். வாடகைக்கு எடுத்த மண்டபம். எங்கெங்கோ இருந்து பெண்கள் கெபாயா உடுத்தி, உதட்டுச்சாயம் பூசி, மேலே கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வாகியெம் மேடையில் நின்று ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லி அழைத்தாள். தாளில் இருந்தபடி, முழுசாக, அவரவர் தாய்தகப்பன் வைத்த பேர். வாரம்பூராவும் ஆனி என்றும் மேரி என்றும் கூப்பிடப்பட்டவர்கள் சுகார்த்தியாகவும் பைனெமாகவும் மர்சினாவாகவும் எழுந்து வந்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் மண்டபம் அதிர்ந்தது.

துரினா மேடையேறிச் சான்றிதழை வாங்கியவள் இறங்கவில்லை. வாகியெமின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒலிவாங்கி பக்கத்தில் இருப்பதை மறந்து, "குட்டையாத்தான் இருக்கா. நான் நெட்டையா நெனச்சிருந்தேன்" என்றாள். கூட்டம் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. வாகியெமுக்குக் கண்ணீர் வந்ததா, சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தியே வைத்திருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் துரினா தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, தைவானுக்குப் போற மெயில் எல்லாத்தையும் நீயேதான் பாக்கணுமா? இங்க நடக்கறது இங்க இருக்கறவளுக்குத்தானே தெரியும்? ஞாயித்துக்கிழமையில நான் பாக்கறேனே."

"பேரு போடணும் அக்கா. போட்டா பதில் குவியும்."

"குவியட்டுமே. எனக்குந்தான் ஒத்தப் பேரு. இப்பத்தான் அந்த மெஷின் திட்டாதாமே."

புதுப் பருவம் தொடங்கியபோது தைவான் மாணவிகளுக்குப் போன வரவேற்பு மின்னஞ்சலில் அனுப்புநர் "துரினா" என்று இருந்தது. போன அன்றைக்கே வாகியெமின் கைபேசி அலறியது.

"தங்கச்சி, ஒருத்தி எழுதியிருக்கா! நாப்பத்தஞ்சு வயசாச்சு, இனிமே படிச்சு என்னத்தக் கிழிக்கப்போறேன்னு கேக்கறா. நான் என்னத்தச் சொல்ல? நீ எழுதி அனுப்பு, நான் அப்படியே போட்டுடறேன்."

"அது எப்படி அக்கா? மெயில்ல உங்க பேருதான இருக்கு? அவ உங்களத்தானே கேக்கறா. நீங்களே சொல்லுங்க."

துரினா, "சரி, போன வெய்யி. நெறைய எழுத வேண்டியிருக்கு" என்றாள்.